பழைய காருக்கு சென்ட்ரல் லாக், கூடவே அலாரம்: எந்த ஒயர எங்க குடுக்குறது?

போன மாசம் மாமா அவரோட ஆல்ட்டோவ வாசல்ல கொண்டாந்து நிறுத்திட்டு, "மாப்ள, எல்லாரும் டிக் டிக்னு ரிமோட்ல பூட்டிட்டுப் போறானுங்க, நான் மட்டும் இன்னும் நாலு கதவையும் சுத்தி வந்து இழுத்துப் பாத்துட்டு இருக்கேன், எனக்கும் அத போட்டுக் குடு"ன்னாரு. வண்டி பேஸ் மாடல், பின் கதவு நாப்ப (உள்ள இருந்து பூட்டுற குமிழ) அமுக்கணும்னா சீட்டுக்கு மேல எக்கிக் கைய விடணும், அவருக்கு தோள்பட்டை வேற சரியில்ல. லாக் மட்டும் போதுமா அலாரமும் வேணுமான்னு கேட்டேன். "ரெண்டும்தான், வண்டி தெருவுலதான நிக்குது"ன்னுட்டாரு. அங்கதான் யோசிக்க வேண்டியதா போச்சு. ஏன்னா லாக் ஒரு பொட்டி, அலாரம் ஒரு பொட்டி, ரெண்டையும் சேக்குறதுக்கு ஒரு வழி இல்ல, நாலு வழி இருக்கு, கார் டெக்கர்ஸ் கடையில குடுத்தா அவங்களுக்கு எது சீக்கிரம் முடியுமோ அதப் போட்டு அனுப்பிருவாங்க, வித்தியாசம் நமக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்.

எனக்குத் தெரிஞ்ச விதமும் அதான். அதக் கடைசியில சொல்றேன்... இல்ல, இப்பவே சொல்லிடறேன், அது தெரிஞ்சாத்தான் மத்தது புரியும். எங்கிட்ட முன்னாடி இருந்த மாருதி 800ல ஒரு கடையில அலாரமும் நாலு கதவுக்கு மோட்டரும் போட்டுக் குடுத்தாங்க, அரை நாள்ல முடிஞ்சுது, ரிமோட்ட அமுக்குனா டப்புனு நாலு கதவும் பூட்டும், சந்தோஷமா இருந்தேன். ஒரு ஒன்றரை வருஷம் போயிருக்கும், ஒரு நாள் ராத்திரி வண்டிய பூட்டிட்டு வீட்டுக்குள்ள வந்து சட்டைய கழட்டக்கூட இல்ல, பக்கத்து வீட்டு அண்ணன் கூப்பிட்டு "தம்பி உங்க வண்டிகிட்ட ரப்பர் கருகுற வாடை வருது"ன்னாரு. ஓடிப் போயி பேட்டரி டெர்மினல கழட்டுனேன். மறுநாள் டேஷ்போர்டுக்கு அடியில படுத்துப் பாத்தா, பியூஸ் ஹோல்டர் உருகிக் கெடக்கு, உள்ள பியூஸ் இல்ல, பியூஸ் சொருகுற முனை ரெண்டுக்கும் செம்புக் கம்பி சுத்தி வெச்சிருக்காங்க. 15 ஆம்பியர் பியூஸ் அடிக்கடி போயிருக்கும் போல, திரும்பத் திரும்ப மாத்த சோம்பல் பட்டு யாரோ பண்ண வேலை. அலாரம் பொட்டிக்குள்ள லாக் ரிலேயோட (கரண்ட் குடுத்தா தானா மாறுற சுவிட்சுதான் ரிலே) காண்டாக்ட் ஒட்டிக்கிட்டு, மோட்டருக்கு கரண்ட் நிக்காம போய்க்கிட்டே இருந்திருக்கு. கம்பிய சுத்துனது தப்புதான், ஆனா அதுக்கு முன்னாடியே அந்த இணைப்பு முறையிலயே ஒரு கோளாறு இருந்துச்சு, அதப் பத்தித்தான் இந்தக் கதையே.

முதல்ல கிட்டுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். சாதாரண சென்ட்ரல் லாக் கிட்டு ஒண்ண பிரிச்சா நாலு மோட்டர், அதாவது ஆக்சுவேட்டர், இருக்கும், விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதுக்குள்ள சின்ன டிசி மோட்டரும் கியரும், வெளிய ஒரு தண்டு, ஒரு அங்குலத்துக்கும் கொஞ்சம் கம்மியா உள்ள வெளிய போய் வரும். அதுல மூணு மோட்டருக்கு ரெண்டே ஒயர், ஒண்ணுக்கு மட்டும் 5 ஒயர் (சில கிட்டுல முன் கதவு ரெண்டுக்குமே 5 ஒயர் குடுத்திருப்பாங்க). ரெண்டு ஒயர்ல ஒரு பக்கம் பிளஸ் குடுத்தா பூட்டும், திருப்பிக் குடுத்தா திறக்கும், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். 5 ஒயர் மோட்டர்தான் டிரைவர் கதவுக்குப் போறது. அதுல நீலமும் பச்சையும் மோட்டருக்கு, மிச்சம் வெள்ளை, பிரவுன், கறுப்பு மூணும் உள்ள இருக்கற ஒரு குட்டி சுவிட்சுக்கு. நீங்க சாவி போட்டுத் திருப்புனாலோ நாப்ப அமுக்குனாலோ தண்டு நகரும், சுவிட்சும் கூட நகரும், கறுப்பு ஒயர்ல வர்ற எர்த் (அதாவது பேட்டரியோட நெகட்டிவ்) வெள்ளைக்கோ பிரவுனுக்கோ மாறும், அதப் பாத்து கிட்டோட கண்ட்ரோல் பாக்ஸ் "ஓ, டிரைவர் பூட்டிட்டாரு"ன்னு மத்த கதவையும் பூட்டும். நான் சொல்ற கலர் நெறைய கிட்டுல இப்படித்தான் வருது, ஆனா கலர நம்பி யாரும் ஒயர வெட்டாதீங்க, மல்டிமீட்டர வெச்சுப் பாத்துட்டு வெட்டுங்க.

அலாரம் பக்கம் வந்தா, நெறைய அலாரத்துல லாக்குக்குன்னு தனியா 6 ஒயர் வெளிய வரும். உள்ள ரெண்டு ரிலே, ஒண்ணு லாக்குக்கு ஒண்ணு அன்லாக்குக்கு, ஒவ்வொண்ணுக்கும் காமன், என்ஓ, என்சின்னு மூணு முனை. ரிலே சும்மா இருக்கும்போது காமனும் என்சியும் ஒட்டியிருக்கும், அடிச்சா காமன் தாவி என்ஓவத் தொடும், அரை செகண்ட் முக்கா செகண்ட் தொட்டுட்டு திரும்பிரும். இந்த ஆறுல எத எங்க குடுக்குறோம்ங்கறதுலதான் எல்லாமே இருக்கு. (ஆறு ஒயர் இல்லாம ரெண்டே மெல்லிசு ஒயர் வர்ற அலாரமும் உண்டு, அது வெறும் நெகட்டிவ் சிக்னல், கொஞ்சம் மில்லி ஆம்பியர்தான் தாங்கும், அத நேரா மோட்டருக்குக் குடுத்தா அந்த நிமிஷமே அலாரம் காலி.)

இப்ப வழிகள். எங்க 800ல போட்டது நேரடி இணைப்பு. கிட்டோட கண்ட்ரோல் பாக்ஸே கிடையாது, ரெண்டு ஒயர் மோட்டர் நாலு வாங்கி, அலாரத்தோட ரிலேய வெச்சே ஓட்டுறது. ரெண்டு ரிலேயோட என்சியும் எர்த்துக்கு, ரெண்டு என்ஓவும் பியூஸ் போட்ட 12 வோல்ட்டுக்கு, காமன் ரெண்டும் மோட்டருக்கு. சும்மா இருக்கும்போது மோட்டரோட ரெண்டு ஒயரும் எர்த்துல நிக்கும், லாக் அடிச்சா ஒண்ணு மட்டும் பிளஸ்ஸுக்குப் போகும், அன்லாக் அடிச்சா இன்னொண்ணு. ஒயரிங்கா பாத்தா அழகான வேலை, தப்பே சொல்ல முடியாது, செலவும் கம்மி. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க: ஒரு லாக் மோட்டர் தண்டு முட்டி நிக்கிற நேரத்துல 4, 5 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், நாலு கதவும் ஒரே நேரத்துல முட்டி நின்னா 16ல இருந்து 20 ஆம்பியர், அதுவும் தினம் பத்து தடவ. அலாரத்துக்குள்ள இருக்கற ரிலே சின்னது, அதுல இருந்து வர்ற ஒயர் நூடுல்ஸ் மாதிரி மெல்லிசு. அரை செகண்ட்தான்ங்கறதால உடனே ஒண்ணும் ஆகாது, ஆனா ஒவ்வொரு தடவையும் காண்டாக்ட்ல ஒரு பொறி, ஒரு நாள் அது வெல்டு அடிச்ச மாதிரி ஒட்டிக்கும். ஒட்டுனா எங்க வீட்டுல நடந்ததுதான்.

இந்த முறையில இன்னொரு தொல்லையும் இருக்கு, அது பாதுகாப்பு விஷயம் இல்ல, வெறும் எரிச்சல். டிரைவர் கதவுல சுவிட்ச் இல்லாததால சாவி போட்டுப் பூட்டுனா அந்தக் கதவு மட்டும்தான் பூட்டும், மத்த மூணும் திறந்தே கெடக்கும். உள்ள உக்காந்து நாப்ப அமுக்குனாலும் அதே கதைதான். அதாவது ரிமோட் இருந்தாத்தான் சென்ட்ரல் லாக், ரிமோட் பேட்டரி தீந்துச்சுன்னா நம்ம பழையபடி நாலு கதவு சுத்தணும். மாமாவோட தோள்பட்டைக்கு இது ஒத்து வராது.

கட்டாயம் இந்த வழிதான்னா ரெண்டு 30 ஆம்பியர் கார் ரிலே தனியா வாங்கி, அலாரத்தோட ரிலே அந்த வெளி ரிலேய மட்டும் தட்டுற மாதிரி வெச்சுக்கலாம், அப்ப கனமான கரண்ட் அலாரத்துக்குள்ள போகாது. ஆனா ரெண்டு ரிலே, சாக்கெட், அதுக்கு ஒயர்னு செலவு பண்றதுக்கு, கிட்டோட கண்ட்ரோல் பாக்ஸே அதே வேலையத்தான் செய்யுது, அதையே வாங்கிட்டுப் போகலாமே.

அதுதான் ரெண்டாவது வழி. கிட்டு முழுசா மாட்டுறோம், டிரைவர் கதவுல 5 ஒயர் மோட்டர், மோட்டருக்கு கரண்ட் குடுக்குறது எல்லாம் கிட்டோட பாக்ஸ் பாத்துக்கும். அலாரம் வெறும் சிக்னல் மட்டும் குடுக்கும். ரெண்டு காமனையும் எர்த்துக்குக் குடுத்து, லாக் ரிலேயோட என்ஓவ வெள்ளை ஒயரோடயும் அன்லாக் ரிலேயோட என்ஓவ பிரவுனோடயும் சேத்துட்டா போதும். டிரைவர் நாப்ப அமுக்குனா எந்த சிக்னல் போகுமோ அதே சிக்னல அலாரமும் அனுப்புது, பாக்ஸுக்கு யாரு அமுக்குனான்னே தெரியாது. என்சி முனை ரெண்டும் வேண்டாம், ஆனா அப்படியே தொங்க விடக் கூடாது, தனித்தனியா டேப் சுத்தி மடிச்சுக் கட்டிரணும், ஏன்னா அந்த முனை ரெண்டும் சும்மா இருக்கும்போது காமனோட ஒட்டியிருக்கறதால அதுல எப்பவும் எர்த் இருக்கும், ஏதாவது பிளஸ் ஒயர்ல பட்டா பொறிதான். இந்த முறையில சிக்னல் ஒயர்ல போறது துளியூண்டு கரண்ட், அலாரத்தோட ரிலே நம்ம ஆயுசுக்கும் தேயாது.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்கணும், இத எந்த பேப்பர்லயும் போட்டிருக்க மாட்டாங்க. சில கிட்டுல அந்த 5 ஒயர் மோட்டரோட சுவிட்ச், பூட்டுன நிலையில வெள்ளை ஒயர எர்த்தோட பிடிச்சுக்கிட்டே இருக்கும், பாக்ஸ் அந்த மாற்றத்த மட்டும்தான் பாக்கும். இப்ப டிரைவர் கதவு பூட்டியிருக்கு, பின்னாடி உக்காந்த பையன் அவன் பக்கத்து நாப்ப தூக்கி இறங்கிப் போயிட்டான்னு வெச்சுக்கங்க, நீங்க ரிமோட்ல லாக் அமுக்குனா அலாரம் வெள்ளைக்கு எர்த் குடுக்கும், ஆனா அது ஏற்கனவே எர்த்துலதான் இருக்கு, பாக்ஸுக்குப் புதுசா எதுவும் தெரியாது, பின் கதவு திறந்தே கெடக்கும். இண்டிகேட்டர் ஒரு தடவ மின்னும், நீங்களும் பூட்டிருச்சுன்னு நம்பிப் போயிருவீங்க. அதனால கிட்டு சாமான கதவுக்குள்ள மாட்டுறதுக்கு முன்னாடியே மேஜை மேல ஒரு பேட்டரிய வெச்சு எல்லாத்தையும் இணைச்சு, ஒரு மோட்டர் தண்ட கையால இழுத்து விட்டுட்டு லாக் சிக்னல் குடுத்துப் பாக்கணும். அலாரத்துக்குன்னே தனியா ரெண்டு சிக்னல் ஒயர் வெளிய விட்டிருக்கற கிட்டு கிடைச்சா அதையே வாங்குங்க, கொஞ்சம் விலை கூடன்னாலும். மாமா வண்டிக்கு நான் அப்படிப்பட்டதத்தான் தேடி வாங்குனேன்.

மூணாவது, எல்லாம் ஒரே செட்டா வர்றது. அலாரம், சென்ட்ரல் லாக், ரிமோட், சைரன் எல்லாம் ஒரே பிராண்டு, ஒரே பொட்டி, சாக்கெட்ட சொருகுனா வேலை முடிஞ்சுது. ஆட்டோகாப், நிப்பான், மிண்டான்னு நம்ம ஊருல ரொம்ப நாளா புழங்குற பேருங்க இருக்கு, சென்னைன்னா ஜி.பி. ரோடுல வரிசையா கடை, மத்த ஊருலயும் கேட்டா கிடைக்கும். ஒயர வெட்டி ஒட்டுற வேலை கம்மிங்கறது பெரிய விஷயம், ஏன்னா நம்ம ஊரு வண்டியில முக்காவாசி எலக்ட்ரிக்கல் கோளாறு ஒட்டு போட்ட இடத்துலதான் வருது. வாரண்டி கேக்கப் போனா "அது அவங்க பொட்டி, இது எங்க பொட்டி"ன்னு ரெண்டு கடைக்காரங்களும் கைய காட்டிக்கிற வம்பும் இல்ல. இன்சூரன்ஸ்ல ஒரு சின்ன லாபமும் உண்டு: புனேல இருக்கற ஏஆர்ஏஐ (வண்டி, வண்டி சாமான் எல்லாம் சோதிக்கற அமைப்பு) அங்கீகாரம் வாங்குன திருட்டுத் தடுப்புக் கருவி போட்டு, அத ஆட்டோமொபைல் அசோசியேஷன் மூலமா சான்று வாங்குனா, பழைய மோட்டார் டாரிஃப்படி சொந்த சேதத்துக்கான பிரீமியத்துல 2.5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 500 ரூபா, இப்ப எவ்வளவுன்னு உங்க இன்சூரன்ஸ் கம்பெனியில கேட்டுக்கங்க. அந்த 500 ரூபாய்க்காக யாரும் அலாரம் வாங்க மாட்டாங்க, ஆனா எப்படியும் வாங்கறோம்னா அங்கீகாரம் இருக்கான்னு பொட்டி மேல பாத்து வாங்கலாம்.

அப்புறம் ஏன் நான் இதுக்குப் போகல? அலாரத்தோட ஆயுசுதான் காரணம். நம்ம தெருவுல கார் அலாரம் படற பாடு எல்லாருக்கும் தெரியும். தண்ணி லாரி போனா கத்தும், தீபாவளிக்கு மூணு நாள் விடாம கத்தும், பானெட் சூடா இருக்குன்னு பூனை ஏறிப் படுத்தா கத்தும். அதிர்வு பட்டா அலாரத்த கத்த வெக்கிற ஷாக் சென்சார்ல ஒரு குட்டி திருகாணி இருக்கும், அதக் கொறச்சு வெச்சா பாதி சத்தம் அடங்கிரும்னு நெறைய பேருக்குத் தெரியாது, கடைக்காரரு டெமோ காட்டறதுக்காக முழுசா ஏத்தி வெச்சு அனுப்பிருவாரு. நாலாவது ராத்திரி எதிர் வீட்டுக்காரரு சண்டைக்கு வருவாரு, நம்ம போயி சைரன் ஒயர புடுங்கி விட்டுருவோம். அதுக்கப்புறம் ஒரு நாள் அலாரம் பொட்டியே மழையிலயோ வயசாகியோ போயிரும். ஆனா கதவு மோட்டரு பத்து வருஷம் ஓடும், போனாலும் ஒண்ண மட்டும் சல்லிசா மாத்திக்கலாம். ஒரே செட்டா இருந்தா அலாரம் செத்தா லாக்கும் கூடவே செத்துரும், அதே சாக்கெட்டுல சொருகுற அதே மாடல் அஞ்சு வருஷம் கழிச்சு எங்க தேடுறது. ரெண்டாவது வழியில அலாரத்த கழட்டி எறிஞ்சாலும் சாவி போட்டா நாலு கதவும் பூட்டும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆனா ஒண்ணு, மீட்டர் பிடிக்கத் தெரிஞ்ச ஆளு கைக்கு எட்டுற தூரத்துல இல்லேன்னா, ஒட்டு வேலைய டேப்ப சுத்தி முடிக்கிற கடைதான் பக்கத்துல இருக்குன்னா, ஒரே செட்டே மேல். மோசமா போட்ட ரெண்டாவது வழிய விட சுமாரா போட்ட மூணாவது வழி எவ்வளவோ பரவால்ல.

நாலாவது வழி கொஞ்சம் பைத்தியக்காரத்தனம், ஆனா எனக்குப் பிடிச்சது. அதே வண்டியோட மேல் வேரியண்ட்ல கம்பெனி போட்ட சென்ட்ரல் லாக்க அப்படியே தூக்கிட்டு வர்றது. சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்துல அடிபட்டு வந்த வண்டியோட கதவு லாட்ச் (கதவ பிடிச்சு நிறுத்துற கொக்கி), ஒயரிங், கண்ட்ரோல் யூனிட் எல்லாம் கிடைக்கும். கம்பெனி லாட்ச்சுல மோட்டர் உள்ளயே இருக்கும், தனியா தகடு, கம்பி, கிளாம்ப்னு தொங்காது, சத்தமும் கம்மி. கதவுக்கும் பாடிக்கும் நடுவுல ஒயர் போற ரப்பர் பூட், அந்தக் குழாய் கூட அளவா வரும். சிக்கல் என்னன்னா நாலு கதவுக்கும் செட்டா கிடைக்கணும், மூணு கிடைச்சு நாலாவதுக்கு மூணு மாசம் அலைஞ்ச ஆள எனக்குத் தெரியும்.

இப்படிப் போட்டா அலாரத்த இணைக்கறதுக்கு முன்னாடி அந்த வண்டியோட லாக் எந்த வகைன்னு கண்டுபிடிக்கணும். டிரைவர் கதவுல இருந்து வர்ற ஒயர்ல மீட்டர வெச்சு லாக் பண்ணிப் பாருங்க. பூட்டும்போது ஒரு ஒயர் எர்த்துக்கு இறங்குனா நெகட்டிவ் ட்ரிகர், ரெண்டாவது வழியில சொன்ன மாதிரியே இணைக்கலாம். ஒரு ஒயர் 12 வோல்ட்டுக்கு ஏறுனா பாசிட்டிவ் ட்ரிகர், அதே இணைப்புத்தான், காமன எர்த்துக்குப் பதிலா பியூஸ் வழியா பிளஸ்ஸுக்குக் குடுக்கணும். மூணாவதா ஒண்ணு இருக்கு: சும்மா இருக்கும்போது ரெண்டு ஒயரும் எர்த், லாக் பண்ணா ஒண்ணு பிளஸ், அன்லாக் பண்ணா இன்னொண்ணு பிளஸ், சுவிட்சே மோட்டர நேரா ஓட்டுது. இதுல மட்டும்தான் ஒயர வெட்டியே ஆகணும், வெட்டுன சுவிட்ச் பக்கத்து முனை என்சிக்கு, மோட்டர் பக்கத்து முனை காமனுக்கு, என்ஓ பியூஸ் வழியா பிளஸ்ஸுக்கு. மூணாவது வகைன்னு தெரியாம ஒயர வெட்டாமலே ஒட்டிட்டா, சுவிட்ச் எர்த்துல பிடிச்சிருக்கற ஒயர்ல நம்ம பிளஸ் குடுக்குறோம், முதல் அமுக்கலுக்கே பியூஸ் போயிரும். பியூஸ் இருந்தா.

புது வண்டி வெச்சிருக்கறவங்க இதையெல்லாம் படிச்சுட்டு ஸ்க்ரூ டிரைவர எடுக்காதீங்க. இப்ப வர்ற வண்டியில லாக், லைட், அலாரம் எல்லாம் பாடி கண்ட்ரோல் மாட்யூல்ங்கற ஒரு கம்ப்யூட்டர் வழியாத்தான் போகுது, ஒயர வெட்டுனா வாரண்டி தகராறு வரும், ஏர்பேக் ஒயர டெஸ்ட் லேம்ப்ல தொட்டா அது வேற மாதிரி விபரீதம். கம்பெனி ஆக்சசரியா குடுக்கறத வாங்கிக்குங்க. அதே மாதிரி வண்டி எப்பவும் கேட்டுக்குள்ள ஷெட்டுல நிக்குதுன்னா அலாரமே வேண்டாம், ரிமோட் மட்டும் வர்ற கீலெஸ் யூனிட் ஒண்ண கிட்டோட சேத்தா போதும், இணைப்பு ரெண்டாவது வழிதான்.

அலாரம் எதுன்னு தேர்ந்தெடுக்கும்போது ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு ரிமோட் கோடு. ரொம்ப மலிவான செட்டுல ரிமோட் எத்தன தடவ அமுக்குனாலும் ஒரே கோடதான் அனுப்பும், பக்கத்துல நின்னு அந்த சிக்னல பிடிச்சு வெச்சுக்கிட்டா அதையே திருப்பி அனுப்பி கதவத் திறந்துரலாம், 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்ட காப்பி அடிக்கிற சாமானம் சும்மா கடையிலயே கிடைக்குது, கேட் ரிமோட்டுக்குன்னு விக்கறாங்க. ஹாப்பிங் கோடுன்னோ ரோலிங் கோடுன்னோ போட்டிருந்தா ஒவ்வொரு அமுக்கலுக்கும் கோடு மாறும், காப்பி வேலைக்கு ஆகாது. ரெண்டாவது, சும்மா நிக்கும்போது எவ்வளவு கரண்ட் குடிக்குது. 20 மில்லி ஆம்பியர்னா ஒண்ணுமில்லன்னு தோணும், ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர் அவர், ஒரு மாசம் ஓட்டாம விட்டா 14.4. ஆல்ட்டோ பேட்டரியே 35 ஆம்பியர் அவர்தான். ஊருக்குப் போயிட்டு வந்து வண்டி ஸ்டார்ட் ஆகலேன்னு பேட்டரிய திட்டுறவங்கள்ல பாதி பேரு அலாரத்த திட்டணும்.

இப்ப மாமா வண்டியில வேலை எப்படி நடந்துச்சுன்னு சொல்றேன், ஏன்னா எந்த வழியில போனாலும் கதவுக்குள்ள செய்யற வேலை ஒண்ணுதான், அங்கதான் பாதி பேரு கோட்டை விடறாங்க. கூட ஒத்தாசைக்கு ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன், ரிட்டயர்டு ஆளு, எனக்கு மீட்டர் பிடிக்கக் கத்துக் குடுத்தவரு. டோர் பேட கழட்டுனா உள்ள ஒரு பாலிதீன் ஷீட் தார் மாதிரி பசையில ஒட்டியிருக்கும், அத கிழிக்காம ஒரு ஓரத்துல இருந்து உரிச்சு எடுக்கணும், வேலை முடிஞ்சதும் திரும்ப ஒட்டணும். அத கிழிச்சுப் போட்டுட்டா மழைக்கு கண்ணாடி வழியா இறங்குற தண்ணி கீழ ஓட்டைக்குப் போகாம நேரா டோர் பேடுக்கும் கால் மேட்டுக்கும் வரும். அப்புறம் லாக் ராடு, நாப்புல இருந்து லாட்ச்சுக்குப் போற கம்பி, அதுக்கு நேர் இணையா மோட்டர் தண்டு ஓடற மாதிரி தகடு அடிக்கணும். ரெண்டு கம்பியையும் ஒரு குட்டி கிளாம்ப் சேக்கும், அதுல ஒரு திருகாணி.

முதல் கதவுல நான் அவசரப்பட்டு கொஞ்சம் சாய்வா மாட்டிட்டேன். அண்ணன் கரண்ட் குடுக்க விடல. "கையால நாப்ப தூக்கு, அமுக்கு"ன்னாரு. தூக்குனேன், கடைசி கால் அங்குலம் இறுக்கமா இருந்துச்சு. "கைக்கு இறுக்கம்னா மோட்டருக்கும் இறுக்கம்தான் தம்பி, மோட்டரு வாய விட்டு சொல்லாது, கரண்ட்ட இழுக்கும்"ன்னாரு. கழட்டி தகட ரெண்டு ஓட்டை தள்ளி அடிச்சேன், நாப் வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. அப்புறம் கண்ணாடிய முழுசா இறக்கி ஏத்திப் பாத்தோம், மோட்டர்லயோ ஒயர்லயோ கண்ணாடி இடிக்குதான்னு. ஒயர் எல்லாம் கண்ணாடி இறங்குற பாதைக்கு வெளிய, ஓரமா டை போட்டுக் கட்டுனோம்.

கதவுல இருந்து வண்டிக்குள்ள ஒயர் போற இடம் இன்னொரு வம்பு. ஓட்டைய போட்டு அப்படியே ஒயர சொருகிட்டா, தகடு விளிம்பு தினம் தினம் ஒயர அறுக்கும், ஒரு வருஷத்துல உள்ள செம்பு தெரியும். ஓட்டைய அரம் போட்டு வழவழப்பாக்கி, பெயிண்ட் தொட்டு வெச்சு, ரப்பர் பூட் போட்டு, கதவ முழுசா திறந்தாலும் இழுபடாத அளவுக்கு ஒயர் தளர்வா விட்டோம். ஒட்டு எல்லாம் ஈயம் வெச்சு சாலிடர் பண்ணி மேல ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். பியூஸ் 15 ஆம்பியர், கிட்டு பாக்ஸுக்கு ஒண்ணு, அலாரத்துக்கு தனியா ஒண்ணு, ரெண்டும் பேட்டரி பக்கம்.

அலாரத்துல வர்ற வசதி ஒவ்வொண்ணையும் ஆன் பண்ணி விட்டுராதீங்க. இக்னிஷன் போட்டா தானா பூட்டுற வசதிய நான் எடுத்து விட்டுட்டேன், என்ஜின் ஓட ஓட இறங்கி கேட்ட திறக்குற பழக்கம் மாமாவுக்கு, சாவி உள்ள மாட்டிக்கும். அத விட பெரிய வில்லங்கம் தானா திரும்பப் பூட்டுறது. ரிமோட்ல திறந்துட்டு அரை நிமிஷம் வரைக்கும் எந்தக் கதவையும் திறக்கலேன்னா, தெரியாம கை பட்டிருக்கும்னு நினைச்சு அலாரம் மறுபடி பூட்டிக்கும், நல்ல எண்ணம்தான். என் 800ல டிக்கி சுவிட்ச அலாரத்தோட சேக்காம விட்டிருந்தாங்க. திருச்சி காந்தி மார்க்கெட்ல காய் வாங்கிட்டு வந்து, ரிமோட்ல திறந்து, சாவிய போட்டு டிக்கிய திறந்து, ரெண்டு கையிலயும் பையி, சாவிக் கொத்த டிக்கிக்குள்ளயே வெச்சு காய அடுக்கிட்டு டமால்னு மூடுனேன். முன் கதவுக்கு நடந்து வர்றதுக்குள்ள டிக். அலாரத்தப் பொறுத்தவரைக்கும் எந்தக் கதவும் திறக்கவே இல்ல. வீட்டுல இருந்து மாத்து சாவி வர்ற வரைக்கும் வெங்காய மூட்டை பக்கத்துல நின்னுட்டு இருந்தேன். அதனால உள் லைட்டுக்குப் போற கதவு சுவிட்ச் நாலும், டிக்கி சுவிட்சும் அலாரத்தோட டோர் ட்ரிகருக்கு (கதவு திறந்தத அதுக்குச் சொல்ற ஒயர்) வந்தாகணும், டிக்கிக்கு சுவிட்சே இல்லேன்னா ஒண்ணு வாங்கி மாட்டுங்க.

ஓடற வண்டிய நிறுத்துற கட்ஆஃப் ரிலேவும் செட்டோட வரும். அத ஸ்டார்ட்டர் ஒயர்ல மட்டும் குடுத்தேன், பெட்ரோல் பம்ப் ஒயர்ல குடுக்கல. ரிலே கோளாறாச்சுன்னா ஸ்டார்ட் ஆகாம வீட்டு வாசல்ல நிக்கட்டும், பாலத்து மேல லாரிக்கு முன்னாடி நிக்க வேண்டாம்.

மாமாவுக்கு கடைசியா ரெண்டே பாடம் எடுத்தேன். ரிமோட் செத்துட்டா சாவி போட்டுத் திறங்க, சைரன் கத்தும், பயப்படாதீங்க, இக்னிஷன் போட்டுட்டு ஸ்டியரிங்குக்கு அடியில இந்த குட்டி பட்டன அமுக்குங்க, அடங்கிரும்னு அந்த வேலட் சுவிட்ச அவரு விரலாலயே மூணு தடவ தொட வெச்சேன். ரெண்டாவது, கரண்ட் மொத்தமா போனாலும் உள்ள இருந்து நாப்ப இழுத்தா கதவு திறக்கும், வெள்ளத்துல சிக்குனா அதத்தான் முதல்ல செய்யணும், தண்ணி ஏறுன பிறகு வெளி அழுத்தத்துல கதவு வராதுன்னேன். "அதெல்லாம் சரி மாப்ள, சத்தத்த கொஞ்சம் கம்மி பண்ணு"ன்னாரு. ஷாக் சென்சார் திருகாணிய பாதிக்கும் கீழ இறக்குனேன், அண்ணன் டயர எத்திப் பாத்தாரு, கத்தல, கண்ணாடிய உள்ளங்கையால தட்டுனாரு, கத்துச்சு. அந்த இடத்துலயே விட்டாச்சு. எந்த ஒயர் எங்க போகுது, கலர் என்ன, பியூஸ் எங்கன்னு ஒரு நோட்டுத் தாள்ல எழுதி க்ளவ் பாக்ஸ் மூடிக்கு உள்பக்கமா டேப் போட்டு ஒட்டியிருக்கேன், அடுத்து யாரு இந்த டேஷ்போர்டுக்கு அடியில படுக்கப் போறாங்களோ அவங்களுக்கு.